ரப்பர் கோட்டுக்கு அடியில் உப்பு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் என் மாமியார் வீட்டு வாசலில் நின்றிருந்த காருக்குள் கால்மிதி வரை தண்ணீர் ஏறியது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் காரைக் கெடுத்தது புயல் இல்லை, அதற்குப் பிறகு நடந்த சர்வீஸ்.

தண்ணீர் வடிந்ததும் ஊரில் எல்லாப் பட்டறையிலும் கூட்டம். நான் வண்டியை விட்ட இடத்தில் காலையில் வாட்டர் சர்வீஸ் செய்தார்கள், மாலைக்குள் அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு ரப்பர் கோட் அடித்துவிட்டார்கள். "இனிமே துருங்கிற பேச்சே கிடையாது சார்" என்றார் சூப்பர்வைசர். அதற்குத் தனியாக பில். தகடு காயவில்லை. ரன்னிங் போர்டுக்குள் புகுந்த சேற்றை யாரும் எடுக்கவில்லை. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே கம்பெனி விட்டிருக்கும் சின்னத் துளைகளையும் அந்தக் கோட் அடைத்துவிட்டது.

துருவுக்கு இரும்பும் தண்ணீரும் காற்றும் போதும். கடற்காற்று கொண்டுவரும் உப்பும் சேர்ந்தால் வேகம் பிடிக்கும். அதைவிட மோசமான குணம் ஒன்று உப்புக்கு உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் அந்த அளவு வந்துவிடுகிறது. ஆகவே உப்புச் சேற்றின் மேல் அடித்த கோட் தகட்டில் ஒட்டாது. ஓரத்தில் விரிசல் விடும். அந்த வழியாக உள்ளே போகிற ஈரம் கோடையிலும் வெளியே வராது.

சில மாதங்களில் பின்கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்தது. இரும்பைவிடத் துருவுக்குக் கன அளவு பல மடங்கு அதிகம். அதனால்தான் அது பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ முடிந்துவிட்டது. அதே பட்டறையில் காட்டினேன். பட்டி வைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்தால் தெரியாது என்றார்கள். அவர்கள் முன்னாலேயே திருப்புளியை வைத்து அழுத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது.

வில்லியனூர் சாலையில் வயதான டிங்கர் ஒருவர் இருக்கிறார். அவர் ரப்பர் கோட்டை உரித்தபோது தகடும் அப்பளமாக உதிர்ந்தது. கெட்டதை மட்டும் எடுத்தால் போதாது, நல்ல தகடு பளிச்சென்று தெரியும்வரை வெட்ட வேண்டும் என்றார். அப்படியே வெட்டினார். மற்றது வழக்கமான வேலை: கார்பெட், பேட்டரி இணைப்பு கழற்றல், வெல்டிங், எபாக்சி பிரைமர், பெயின்ட். வெல்டிங் சூட்டில் உட்பக்கப் பூச்சு எரிந்துபோகும். அதனால் ரன்னிங் போர்டின் உட்குழியில் மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்பிரே அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பழைய காருக்கு இவ்வளவு செலவா, விற்றுத் தொலையுங்கள் மச்சான் என்று என் மைத்துனர் இன்றும் சொல்கிறார். பதினைந்து வருடம் முடிந்து மறுபதிவும் செய்த வண்டி அது. ஐந்து வருடம் ஓட உரிமை இருக்கிறது, என்ஜின் நன்றாக இருக்கிறது. அவர் வாங்கிய புதுக் காரும் இதே உப்புக்காற்றில்தான் நிற்கிறது. நான் செய்தது சரி.

கடலோரத் துரு லேசான விஷயம் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோக அரிமானத்தை ஆராய்வதற்கென்றே மண்டபம் கடலோரத்தில் ஒரு நிலையம் நடத்துகிறது. 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருக்கிறார்கள். கடலோரத் துருவை நாட்டில் இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளும்போது, நம் பட்டறைக்காரர்கள் ஒரே பகலில் வேலையை முடிக்கிறார்கள். சுத்தம் செய்து காயவைக்காத தகட்டில் எந்தப் பூச்சும் நிற்காது. இது அவர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

நீங்களும் வண்டியைத் தெருவில்தான் நிறுத்துவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அலை பாறையில் மோதித் தெறிக்கும்போது கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள துய்மா வீதியில் இரவு முழுக்க விடாதீர்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். அடிப்பாகத்தைக் கழுவ குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பாகிவிட்டது, அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான். கதவின் வடிதுளைகளை மெல்லிய குச்சியால் குத்திவிடுங்கள். ஈசிஆரில் கல் தெறித்து மட்கார்டு ஓரம் பெயின்ட் போயிருந்தால் உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, அன்று பொழுது சாய்வதற்குள் பிரைமர் அடியுங்கள். விட்டால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி மேல்துருவுக்கு நல்லது, ஓட்டை விழுந்த தகட்டுக்குப் பயனில்லை. கழிவு என்ஜின் ஆயிலை அடியில் அடிப்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதிப்போகும்.

ரப்பர் கோட் அடிப்பதாகச் சொன்னால், அடிப்பதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, காய்ந்த தகட்டை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.