கிணற்றுக்கு ஏற்ற எடை குறைந்த எஞ்சின்

மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், குத்தகை நிலத்தில் பயிரிடுவோரும், இரண்டு மூன்று கிணறுகளுக்கு ஒரே எஞ்சினைக் கொண்டு செல்வோரும் எடை குறைந்த, எரிபொருள் சிக்கனமான எஞ்சினையே விரும்புவர். ஆனால் கடையில் காட்டும் எஞ்சினைப் பார்க்கும் முன்பு உங்கள் கிணற்றைப் பாருங்கள்.

நீரைச் சோதியுங்கள்

பாலாற்றுப் படுகையில், குறிப்பாக ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில், தோல் பதனிடும் கழிவுநீரால் பல கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக, நமது பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததை 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. நீரின் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 2.25 டெசி சீமன்சுக்கு மேற்பட்டால் பல பயிர்கள் தாங்கா. அத்தகைய நீரை இறைக்கக் கடன் வாங்கி எஞ்சின் வைப்பது, நிலத்தைக் கெடுக்கக் கூலி கொடுப்பதாகும்.

எத்தனை குதிரைத் திறன்?

விநாடிக்கு இறைக்கும் லிட்டரை, மொத்த உயரத்தால் (மீட்டரில்) பெருக்கி 75-ஆல் வகுத்தால், நீரை உயர்த்தத் தேவையான திறன் கிடைக்கும். உறிஞ்சும் ஆழம் 5 மீட்டர், தரைக்கு மேல் ஏற்றம் 5 மீட்டர், குழாய் உராய்வுக்கு 2 மீட்டர், ஆக 12 மீட்டர் என்று கொள்வோம். விநாடிக்கு 6 லிட்டர் இறைக்க 0.96 குதிரைத் திறன் வேண்டும். பம்பின் செயல்திறன் 50 சதவீதம் எனில் ஏறத்தாழ 2 குதிரைத் திறன். கால் பங்கு கூடுதலாக வைத்தால் இரண்டரை முதல் 3 குதிரைத் திறன் எஞ்சின் போதும். பக்கத்துக் காட்டுக்காரர் 7 குதிரைத் திறன் வைத்திருக்கிறார் என்று நீங்களும் வாங்க வேண்டாம்.

டீசலா, பெட்ரோலா?

நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் எரிக்கும். சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கு 0.4 லிட்டர் வரை ஆகும். மேற்கண்ட கிணற்றில் மணிக்கு 21,600 லிட்டர் நீர் கிடைக்கும். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்ச 9 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். டீசல் 5 லிட்டருக்குள் முடியும். பெட்ரோல் ஏழரை லிட்டர் ஆகும். ஆகவே, எப்போதாவது இறைப்போருக்கு ஒருவரே தூக்கக்கூடிய பெட்ரோல் எஞ்சின் ஏற்றது. நாள்தோறும் இறைப்போருக்கு, எடை சற்றுக் கூடினாலும், டீசலே சிக்கனம்.

உவர்நீரும் எஞ்சினும்

நீரால் குளிரும் எஞ்சின்கள் பலவற்றில், பம்பு இறைக்கும் நீரே எஞ்சினுக்குள் சென்று வரும். உவர்நீரானால் உள்ளே உப்புப் படியும், இரும்பு அரிக்கும், எஞ்சின் சூடேறும். எனவே இப்பகுதிக்குக் காற்றால் குளிரும் எஞ்சினே மேல். எடையும் குறைவு. இறைத்து முடித்தபின் பம்பினுள் நல்ல நீர் ஊற்றிக் கழுவி வடித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. பம்பு நீர்மட்டத்திலிருந்து 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

2. புட்வால்வு அடைபடாமலும் கசியாமலும் இருக்கட்டும். வளைவுகளைக் குறையுங்கள். தேவைக்கு மேல் உயரத்தில் நீரைக் கொட்டச் செய்யாதீர்கள். இவை எல்லாம் வீண் எரிபொருள்.

3. எடை குறைவுதானே என்று எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றில் தேங்கி, இறங்கியவரையும் காப்பாற்றப் போனவரையும் கொன்றுவிடும். நீர் 6 மீட்டருக்கும் கீழே போனால் எஞ்சினை இறக்காதீர்கள். பம்பின் வகையை மாற்றுங்கள்.

வாங்குமுன் ஒரு பாட்டில் கிணற்று நீருடன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். நீர் நல்லதென்று தெரிந்தபின் அளவறிந்து வாங்கும் எஞ்சினே சிக்கனமான எஞ்சின்.