ஓணானும் ஞாயிறும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்திற்கு அண்மையில் உள்ள சிற்றூர் வேடந்தாங்கல். மாரிக்காலத்தில் அவ்வூர் ஏரி நிரம்பியதும், நீரிடையே நிற்கும் கடம்ப மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அக்காட்சியைக் காண வருவோரின் கண்களெல்லாம் மரக்கிளைகளையே நாடும். கரையோர வேலியின்மேல் அமர்ந்திருக்கும் ஓணானை நோக்குவார் அரியர். எனினும், அச்சிற்றுயிர் நமக்குக் கற்பிக்கும் பாடம் சிறியதன்று.

மார்கழித் திங்களின் காலைப்பொழுதில் ஓர் ஓணானை உற்று நோக்குங்கள். கதிரவன் எழுந்ததும் அது வேலியின் உச்சிக்கு ஏறுகின்றது. விலாவை விரித்து, உடலைத் தட்டையாக்கி, இளவெயில் நன்கு படுமாறு பக்கவாட்டில் திரும்பி அமர்கின்றது. அப்பொழுது அதன் மேனி கருத்துத் தோன்றும். கரிய பொருள் வெப்பத்தை மிகுதியாக ஏற்கும் என்பதை அறிவியற் பாடத்தில் கற்றிருப்பீர்கள். உடல் வெம்மையுற்றதும் மேனி வெளிறும். ஓணான் சுறுசுறுப்புடன் இரை தேடப் புறப்படும். வெயில் முதிரும்போது, கதிர்கள் உடலில் குறைவாகப் படுமாறு அது தன் முகத்தை ஞாயிற்றின் பக்கம் திருப்பிக்கொள்ளும். பின்னும் வெப்பம் மிகுந்தால் நிழலுள் புகும். சில வேளைகளில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

இவ்வாறு வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் செல்வது ஏன்? மனிதரும் பறவைகளும் உண்ணும் உணவையே விறகாகக் கொண்டு உள்ளிருந்து வெப்பத்தை உண்டாக்குகின்றனர். நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை சென்டிகிரேடு. பறவைகளுக்கோ 40 பாகையை ஒட்டியிருக்கும். பனியிலும் வெயிலிலும் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. ஓணான், அரணை, உடும்பு ஆகியவற்றின் உடலுள் அத்தகைய அடுப்பு இல்லை. அவை ஞாயிற்றிடமும், வெயிலிற் காய்ந்த கல்லிடமும், மண்ணிடமும் வெப்பத்தைக் கடன் வாங்குகின்றன.

இவற்றைக் 'குளிர்ந்த குருதியுடைய உயிர்கள்' என்று கூறுவது வழக்கம். அது முற்றிலும் பொருந்துவதன்று. பகலில் திரியும் பல்லியினங்கள் பல, 30 முதல் 40 பாகைக்கு இடைப்பட்ட வெப்பத்தைத் தம் செயலாலேயே காத்துக்கொள்கின்றன. அமெரிக்கப் பாலைநிலப் பல்லிகளை ஆராய்ந்த கௌல்ஸ், போகர்ட் என்னும் அறிஞர் இருவர் 1944ஆம் ஆண்டில் இவ்வுண்மையை விளக்கிக் காட்டினர். மாமல்லபுரத்திற்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி என்னுமிடத்தில், 1976ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற முதலைப் பண்ணை உள்ளது. அங்கே கரையேறி வெயில் காய்ந்து, பின் நீருள் இறங்கும் முதலைகளும் இம்முறையையே கையாளுகின்றன.

இம்முறையால் விளையும் நன்மை பெரிது. உள்ளே அடுப்பு எரியாமையால் விறகும் மிகுதியாக வேண்டுவதில்லை. ஒத்த எடையுடைய பறவைக்கு வேண்டிய உணவில் ஒரு சிறு பங்கே ஓணானுக்குப் போதும். வறண்ட நிலத்திலும் அது வாழ்வதற்கு இஃதொரு காரணம். சங்கச் சான்றோர் ஓந்தியைப் பாலை நிலத்திற்குரிய உயிராகப் பாடினர். பல்லுடைய வாளை அதன் முதுகிற்கு உவமை கூறிய குறுந்தொகைப் புலவரின் கூர்ந்த நோக்கு வியக்கத்தக்கது.

ஆயினும், கடன் வாங்கி வாழ்வோர்க்கு இடரும் உண்டு. குளிர்ந்த காலையில் ஓணானால் விரைந்து ஓட இயலாது. நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு மார்கழிக் காலையில் தோழருடன் சேர்ந்து வேலியிலிருந்த ஓணான்மீது கல்லெறிந்தேன். அது தலையை அசைத்ததேயன்றி ஓடவில்லை. "என்ன செருக்கு!" என்று கூறி மீண்டும் எறிந்தோம். அது வீழ்ந்து இறந்தது. ஓணான் தொலைவிலிருந்தே குருதியை உறிஞ்சும் என்று எவரோ கூறிய பொய்யை நாங்கள் நம்பியிருந்தோம். ஆண் ஓணானின் கழுத்துச் சிவப்பு இனப்பெருக்கக் காலத்தில் தோன்றும் நிறமேயன்றிக் குருதியன்று. அன்று அது ஓடாதிருந்தது செருக்கினாலன்று. ஓடுவதற்கு வேண்டிய வெம்மையை ஞாயிறு இன்னும் அதற்கு அளிக்கவில்லை. இதனை நான் நூல்களிற் கற்றறிந்தபோது ஆண்டுகள் பல கடந்திருந்தன. அறியாமையாற் செய்த பிழைக்கு அறிவு வந்தபின் வருந்துவதன்றி வேறென் செய்வது?

குளிரைப் போலவே மிகுவெப்பமும் இவற்றிற்குப் பகையாகும். வெயில் பொறுக்கும் அளவைக் கடந்தால், ஓணான் நிழலிலேயே ஒடுங்கிக் கிடக்க நேரும். இரை தேடும் பொழுது சுருங்கும். உலகம் வெப்பமடைவதால் இவ்விடர் பெருகி வருகின்றது. மெக்சிகோ நாட்டில் 200 இடங்களில் ஆராய்ந்த அறிஞர், 1975ஆம் ஆண்டுக்குப் பின் பல்லிக் கூட்டங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு மறைந்துவிட்டதாக 2010ஆம் ஆண்டில் அறிவித்தனர். நிழல் தரும் மரமும் புதரும் அழிந்தால், வெப்பத்தைத் தணித்துக்கொள்ள அவற்றிற்கு வேறு புகலிடம் ஏது?

வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைச் சுடுவோரைத் தடுக்குமாறு வேண்ட, 1798ஆம் ஆண்டில் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்குக் காப்புரிமை வழங்கினார் என்பது வரலாறு. அவ்வூரார் பறவைகளுக்குக் காட்டிய அருளில் ஒரு துளி ஓணானுக்குப் போதும். அதற்கு வேண்டுவன காய்வதற்குச் சிறிது வெயிலும் ஒதுங்குவதற்குச் சிறிது நிழலுமே. மாணவர்களே! நாளைக் காலையில் வேலியின்மேல் ஓர் ஓணானைக் கண்டால், கல்லை எடாதீர்கள். சற்றே நின்று, அது ஞாயிற்றிடம் கடன் பெறும் காட்சியைக் கண்டு செல்லுங்கள்.