நம்பிக்கைகளும் உண்மைகளும்: பழைய காருக்குப் புதிய ஷொக் அப்சோபர்

அறுகம்பேயிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது ஊடாகக் கல்முனைக்குச் செல்லும் கரையோர வீதியில், ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின் இலங்கைக்கு வந்த டொயோட்டா கொரோலா, நிசான் சன்னி போன்ற கார்கள் இன்றும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது என்பதால், 20, 25 வயதைக் கடந்த வண்டிகளைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே பல குடும்பங்களுக்கு எஞ்சிய வழியாயிற்று. அவ்வண்டிகளுக்கு ஷொக் அப்சோபர் மாற்றும் வேளையில் கராஜிலும் உதிரிப்பாகக் கடையிலும் சொல்லப்படுவனவற்றுள் சில உண்மையும் பிழையும் கலந்தவை. சில முற்றிலும் பிழையானவை.

முதற்பிழைக்கு மூலமாக நிற்பது அப்பாகத்தின் பெயரே. அதிர்வை ஏற்பது என்று பொருள்படும் அப்பெயர், பள்ளத்தின் அடியைத் தாங்குவதும் வண்டியின் பாரத்தைச் சுமப்பதும் அதுவே என எண்ண வைக்கிறது. உண்மையில் இவ்விரண்டையும் செய்வது ஸ்பிரிங்; கார்களில் அது சுருளாகவும், பாரம் ஏற்றும் வேன்களின் பின்புறத்தில் அடுக்கிய பட்டைகளாகவும் இருக்கும். அமுங்கிய ஸ்பிரிங் தான் வாங்கிய விசையைத் திருப்பித் தள்ளுவதால், அடக்குவதற்கு ஒன்று இல்லாவிடின் வண்டி பல தடவை மேலும் கீழும் ஆடும். எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் பிஸ்டன் ஒன்று நகர, அதன் வால்வுத் துளைகளினூடாக எண்ணெய் நெருங்கிச் செல்லும்போது பிறக்கும் தடை, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றித் தணிக்கிறது. ஷொக் அப்சோபரின் பணி இதுவே, பொறியியல் நூல்கள் அதனைத் தணிப்பான் என்று அழைப்பதும் இதனாலேயே. ஆகவே, நெல் மூடை ஏற்றி ஏற்றிப் பின்புறம் தாழ்ந்துபோன வேனுக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஷொக் பூட்டினாலும் பழைய உயரம் திரும்பாது. அங்கே மாற்ற வேண்டியது ஸ்பிரிங்.

‘ஒயில் வடிந்துவிட்டது, துளையிட்டு ஊற்றி ஒட்டிவிட்டால் போதும்’ என்ற நம்பிக்கைக்கு உண்மையான வரலாற்று வேர் ஒன்று உண்டு. 1948 இல் பிரித்தானியாவில் அறிமுகமாகி, இலங்கையில் இன்றும் அன்போடு பேணப்படும் மொரிஸ் மைனரில் இருப்பது நெம்புகோல் வகைத் தணிப்பான். அதாவது, ஓர் உலோகப் பெட்டிக்குள் பிஸ்டன்கள் இருக்க, வெளியே நீண்ட கை ஒன்று அவற்றை இயக்கும். அப்பெட்டியில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே மூடி வைக்கப்பட்டிருந்ததால், அளவு பார்த்து நிரப்புவது முறையான பராமரிப்பாகவே இருந்தது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் குழாய் வடிவ ஷொக்குகளின் காலத்திலும் தொடர்ந்தது. ஆனால் பாகத்தின் அமைப்பு மாறிவிட்டது. குழாய் வகை தொழிற்சாலையிலேயே நிரந்தரமாக அடைக்கப்படுவது. அதிலிருந்து எண்ணெய் வெளியேறியது என்றால், மேலும் கீழும் ஓடும் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தது அல்லது தண்டே அரிக்கப்பட்டது என்று பொருள்; புதிதாக ஊற்றிய எண்ணெயும் அதே வழியில் வெளியேறும். ஊற்றப்படுவது என்ஜின் ஒயிலாயின் கேடு இன்னும் பெரிது, ஏனெனில் மெல்லிய எண்ணெய்க்கென அளவிடப்பட்ட வால்வுகளில் தடித்த எண்ணெய் வேறு விதமாக ஓடும். அழுத்த வாயு நிரப்பிய ஷொக்கில் துளையிடுவதும் தீ வைத்து ஒட்டுவதும் தொழிலாளியின் கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து. இவ்வேலையைச் செய்யுமாறு எவரும் எவரையும் கேட்கக் கூடாது.

அடுத்தது, ‘காஸ் ஷொக்கில் ஒயில் இல்லை, அது எப்போதும் உயர்ந்தது’ என்பது. காஸ் ஷொக்கிலும் தணிப்பது எண்ணெய்தான். பாணமைக்கு அப்பால் உகந்தை நோக்கிச் செல்லும் கிரவல் பாதை போன்ற இடங்களில் பிஸ்டன் இடைவிடாது வேகமாக அசையும்போது எண்ணெயில் குமிழிகள் தோன்றித் தடை குறைந்துவிடும். நைதரசன் வாயுவின் அழுத்தம் அக்குமிழிகள் உருவாகாமல் தடுக்கிறது. பிரெஞ்சுப் பொறியியலாளர் கிறிஸ்டியன் பூர்சியே த கார்போன் வகுத்த ஒற்றைக்குழாய் முறையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1950களில் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்தபோது நோக்கம் இதுவாகவே இருந்தது. சாதாரணக் கார்களுக்குக் கடைகளில் கிடைக்கும் காஸ் ஷொக்குகளுள் பல, இரட்டைக்குழாயில் குறைந்த அழுத்த வாயு கொண்டவை. நெடுந்தூரம் ஓடும் காருக்கு அவை நல்ல தேர்வு. ஆயினும் கடினமாக இருப்பதே தரம் என்று கொண்டு, தளர்ந்த பழைய ஸ்பிரிங்குக்கு மிகக் கடினமான ஷொக்கைப் பூட்டினால், பள்ளத்தில் மேலெழுந்த சில்லு உரிய நேரத்தில் கீழிறங்காமல் டயரின் பிடி தளரும்.

கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் ‘ரீகண்டிஷன்’ ஷொக், ஜப்பானியக் காரிலிருந்து கழற்றியது என்பதாலேயே புதியதைவிட மேலானது என்று நம்பப்படுகிறது. கியர்பெட்டிக்கோ கதவுக்கோ அந்த நம்பிக்கை ஓரளவு பொருந்தலாம். ஆனால் தேய்வதற்கென்றே அமைந்த, உள்ளே திறந்து பார்க்க முடியாத பாகத்துக்குப் பொருந்தாது. அளவு ஒத்துவந்தால் எதையும் பூட்டலாம் என்பதும் அப்படியே. கொரோலா 110 வரிசையிலேயே பெட்ரோல் வண்டிக்கும் எடை கூடிய டீசல் என்ஜின் கொண்ட வண்டிக்கும் முன்பாரம் ஒன்றல்ல. அதன் முன் ஷொக்குகள் இடம், வலம் என வேறுபடுவதும் உண்டு. ஆகவே காரின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், செசி இலக்கத்தையும் மாதிரிக் குறியீட்டையும் கொடுத்துக் கேட்பதே சரியான முறை.

வண்டியின் மூலையைக் கையால் அமுக்கிவிட்டு, அது ஒரு தடவையில் நின்றுவிட்டால் ஷொக் நல்லது என முடிவு செய்வது மிகப் பரவலான சோதனை. முற்றாகச் செத்த ஷொக்கை அது காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததைக் காட்டாது, ஏனெனில் தணிப்பின் அளவு பிஸ்டனின் வேகத்தைப் பொறுத்தது, கையின் வேகமோ வீதியின் வேகத்துக்கு அருகிலும் வராது. துருப்பிடித்த புஷ்களின் உராய்வே வண்டியை நிறுத்திவிடுவதும் உண்டு. கரையோர வீதி சமதரையாக இருப்பது இந்த மயக்கத்தை வளர்க்கிறது. அதே கார் கொழும்புக்குப் புறப்பட்டு, இரவில் யானை குறுக்கிடும் லகுகல காட்டுப்பகுதியில் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போதோ, வெல்லவாயவைக் கடந்து கொஸ்லந்தை, பெரகல வளைவுகளில் மழையில் ஏறும்போதோ, தேய்ந்த ஷொக் சில்லை வீதியில் அழுத்தி வைக்கத் தவறும். நம்பத்தக்க அடையாளங்கள் வேறு: குழாயின் மேல் ஈரமாக வழியும் எண்ணெய், டயரின் விளிம்பில் விட்டுவிட்டுக் குழிவிழுந்த தேய்மானம், பிரேக்கில் முன்பக்கம் ஆழமாகக் குனிதல். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருப்பது பழுதல்ல.

ஷொக் 80,000 கிலோமீற்றர் ஓடும் என்ற கணக்கு உற்பத்தியாளர் தரும் பொது வழிகாட்டல். அதனை ஆயுள் உத்தரவாதமாகக் கொள்ளலாகாது. கடலோரத்தில் தூரத்தைவிட வயது பெரிய எதிரி. உப்புக்காற்று தண்டின் பளபளப்பான குரோம் பூச்சில் நுண்குழிகளை உண்டாக்க, அக்குழிகளின் விளிம்பு சீலைக் கிழிக்கிறது; ஸ்பிரிங் அமரும் தட்டும் துருவேறி மெலிகிறது. தண்டை மூடும் ரப்பர் தூசு உறை கிழிந்திருந்தால் மணலும் சேர்ந்துகொள்ளும். கிழிந்த உறையைப் புதிய ஷொக்கில் மாட்டுவது, மிச்சம் பிடித்த சிறு தொகைக்குப் பெரிய தொகையை இழப்பதாகும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம் என்பது பிழை. ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பூட்டும் முறையிலும் கவனம் வேண்டும். தண்டைக் குறடால் பிடிக்கக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதே இறுக்க வேண்டும். முன்பக்கம் மாற்றினால் வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது தனியார் காருக்குக் கேட்கப்படுவது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும்தான்; ஷொக்கை எந்த அதிகாரியும் குனிந்து பார்ப்பதில்லை. ஆதலால் கார் உரிமையாளர்கள், மாரி மழை தொடங்கும் முன் ஒருநாள், பகல் வெளிச்சத்தில், நான்கு சில்லுகளின் உட்புறத்தையும் தாமே பார்த்துவிட வேண்டும்.