செய்திப் பெருக்கும் பறவை நோக்கரும்

கேண்மை பெருகுங்கால் பேச்சும் பெருகுதல் இயல்பே. வாட்ஸ்அப் குழுவொன்றில் முன்பு 256 பேரே சேரலாம். 2022-ஆம் ஆண்டில் அவ்வெல்லை 1024 ஆயிற்று. காலை வணக்கங்களுக்கிடையே, அண்ணாமலைச் சாரலிற் கண்ட அரும்பறவையின் செய்தி மறைந்துபோமாயின் நட்டம் அறிவுக்கேயன்றோ?

இதற்குப் பறவை நோக்கர் கைக்கொண்ட வழி யாதெனின், 2002-இல் தோன்றிய இ-பேர்டு என்னும் பதிவேடாம். இடம், நாள், நேரம், எண்ணிக்கை என வகுத்தெழுதப்படுவன அதில் நிலைத்திருக்கும். வழக்கத்திற்கு மாறானவற்றைத் துறையறிந்தோர் தனியே சரிபார்ப்பர். தமிழகத்தில் 2015 முதல் நிகழும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இம்முறையையே பற்றியது.

ஆதலின் மாணவர்காள்! உரையாடலுக்குக் குழுவும், நிலைபெற வேண்டுவனவற்றிற்குப் பதிவேடும் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். பின்னர்க் குழுவினை நாளுக்கொருமுறை நோக்கினும் இழப்பு யாதுமில்லை.