கப்பலேறி வந்த பாட்டியார்

1903ஆம் ஆண்டு கல்கத்தாவில் ‘கிளைட்’ என்னும் கப்பலேறிப் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டத்திற்குச் சென்றவர் சுஜாரியா. கணவர் உடன் வரவில்லை. கருவுற்றிருந்த அவர் கப்பலிலேயே ஆண்மகவை ஈன்றார். இச்செய்திகளை அவருடைய கொள்ளுப்பேத்தி கயூத்ரா பகதூர், குடிபெயர்வுச் சீட்டு முதலிய பழம்பத்திரங்களைத் துருவி அறிந்து, 2013இல் நூலாக்கினார்.

நம் கமுந்திங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த பாட்டியருள் பலர் கங்காணிகள் வாயிலாக வந்தோர். 1938இல் இந்திய அரசு அவ்வரவைத் தடுத்துவிட்டது. ஆதலால் அன்று வந்தோரின் பிள்ளைகளே இன்று முதுமை எய்திவிட்டனர். கேட்டறியக் காலம் குறைவு.

முதலில் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். 1948 முதல் வழங்கப்பெற்ற அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலுள்ள தாயின் பெயர் ஆகியவை உதவும். தமிழகத்திலிருந்து வந்த கடித உறை கிடைப்பின் விடாதீர்கள். அஞ்சல் முத்திரை பாட்டியின் ஊரைக் காட்டிவிடும். கிராணிமார் காதில் விழுந்தவாறு எழுதியமையால், ஒருவர் பெயரே ஓரிடத்தில் முனியம்மா என்றும், வேறிடத்தில் முனியாயி என்றும் இருத்தல் கூடும். தந்தை பெயரை ஒப்பிட்டுத் தெளிக.

முதியோரிடம் ஆண்டைக் கேட்டால் விழிப்பர். 1941 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானியர் ஆட்சியையோ அவர்கள் மறப்பதில்லை. “சப்பான்காரன் வருமுன்னா, போன பின்னா?” என்று கேளுங்கள், விடை உடனே வரும்.