நேரலையும் மூலநிரலும்

திசையன்விளை வட்டாரச் சிற்றூர்களில் கொடை விழா நடைபெறும் இரவுகளில், வில்லுப்பாட்டுக் கலைஞரின் வீசுகோல் வில்லின் நாணைத் தொட்டதும் கூட்டத்தில் திறன்பேசிகள் உயர்கின்றன. மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் உறவினர் சுடலைமாடன் கதையைத் தத்தம் அறையிலிருந்தே கேட்கின்றனர். நாவிலும் ஏட்டிலும் காக்கப்பட்ட கதைப்பாடல் இன்று கணினிக் கோப்பாகவும் வாழ்கிறது. அக்கோப்பை முப்பது ஆண்டுகள் கழித்து உங்கள் பிள்ளைகளால் திறக்க இயலுமா? இதற்கான விடை, நாம் பயன்படுத்தும் மென்பொருளின் உரிமத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது.

சுருக்கமும் விரிப்பும்

அகலத்தில் 1920, உயரத்தில் 1080 படப்புள்ளிகள் கொண்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளியின் நிறத்திற்கு 3 பைட்டுகள், நொடிக்கு 25 படங்கள் எனக் கொண்டால், ஒரு நொடிக் காட்சிக்கே ஏறத்தாழ 155 மெகாபைட்டுகள் தேவை. இதனை அப்படியே கடல்கடந்து அனுப்புதல் அரிது. எனவே மென்பொருள் காட்சியை இருநூறில் ஒரு பங்கிற்கும் குறைவாகச் சுருக்கி அனுப்புகிறது. பார்ப்பவரின் கருவி அதனை மீண்டும் விரிக்கிறது. சுருக்கிய முறையை அறிந்த நிரலே விரிக்கவும் வல்லது. அம்முறை ஒரு நிறுவனத்தின் மறைபொருளாக இருந்தால், கோப்பு நம்முடையது, அதைத் திறக்கும் வழி அவர்களுடையது.

1995இல் வெளிவந்த ரியல்ஆடியோ இணையவழி ஒலிபரப்பின் முன்னோடி. அயலகத் தமிழர் பலர் தமிழ்ப் பாடல்களை முதன்முதலில் இணையத்தில் கேட்டது அவ்வடிவில்தான். இன்று அதைப் பயன்படுத்துவோர் அரியர். ஆயினும் அப்பழைய கோப்புகள் பல இன்றும் ஒலிக்கின்றன. 2000இல் பாபிரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் திறந்த மூல மென்பொருளில், தன்னார்வலர்கள் அவற்றை விரிக்கும் நிரல்களைச் சேர்த்ததே காரணம்.

உரிமம் செய்யும் வேறுபாடு

பாரிசில் ஒரு பொறியியற் கல்லூரியின் மாணவர் திட்டமாக 1996இல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்தது வி.எல்.சி. இயக்கி. 2001இல் அதன் மூலநிரல் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்து வழங்கலாம். திருத்தியதை வழங்குவோர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் அளித்தல் வேண்டும். 2022இல் வி.எல்.சி.யின் இணையத்தளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில் தடை நீங்கியது. அப்போதும் கணினிகளில் நிறுவப்பட்டிருந்த வி.எல்.சி. வழக்கம்போல் இயங்கியது. தனியுரிமை மென்பொருளான பிளாஷ் இயக்கியின் நிலை வேறு. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது காட்சிகளை இயக்கவே மறுத்தது.

தனியுரிமை மென்பொருளைப் பழிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. ஊதியம் பெறும் வல்லுநர்களின் உதவியும் எளிய பயன்பாடும் அதன் சிறப்புகள். கொடை விழா நேரலையிலேயே இரண்டும் இணைந்து இயங்குகின்றன: காட்சியைத் தொகுத்து அனுப்ப ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் திறந்த மூல மென்பொருள். அதை உலகிற்குக் காட்ட யூடியூப் என்னும் தனியார் தளம். தளத்தின் விதிகள் மாறலாம், அலைவரிசை நீக்கப்படலாம். ஆகவே மூலப்பதிவு ஊரிலும் இருத்தல் நலம். ஓ.பி.எஸ்.ஸில் எம்.கே.வி. என்னும் திறந்த வடிவில் பதிவுசெய்தால், நள்ளிரவில் மின்சாரம் நின்றாலும் அதுவரை பாடிய கதை கோப்பில் இருக்கும்.