160 ரூபாய் கிரீமும் 3,200 ரூபாய் கிரீமும்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வீடு ஆவடியில். தெருமுனை மெடிக்கலில் 160 ரூபாய்க்குக் கிடைக்கும் மாய்ஸ்சரைசரைத்தான் பல வருடமாகப் பூசுகிறேன். என் நாத்தனார் திருமங்கலம் மாலில் 3,200 ரூபாய்க்கு ஒரு கிரீம் வாங்கி வந்து, "மூஞ்சிக்குப் போடுறதுல கணக்குப் பார்க்காதீங்க அண்ணி" என்கிறாள். விலை கூடினால் தரமும் கூடுமா?
– வாசகி, ஆவடி

பதில்: கணக்குப் பார்க்கத்தான் வேண்டும், அம்மா. அதற்கான வழியை உங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறீர்கள். இரண்டு டப்பாக்களையும் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை, எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் இரண்டிலும் தண்ணீர்தான் முதலில் நிற்கும். பிறகு கிளிசரின், ஏதோ ஒரு எண்ணெய் அல்லது மெழுகு, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலந்து வைக்கும் ஒரு பால்மமாக்கி.

விலை கூடிய டப்பாவில் இவற்றுக்குக் கீழே கொலாஜன், தங்கத் துகள் என்று கண்ணைக் கவரும் பெயர்கள் இருக்கலாம். அவை தோலுக்குள் இறங்கி வேலை செய்யும் என்று பலரும் நம்புகிறார்கள். கொலாஜன் என்பது தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதம். ஆனால் தோலின் மேலடுக்கு லேசில் எதையும் உள்ளே விடாது. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் அளப்பார்கள். சுமார் 500 டால்டனுக்கு மேல் போனால் உள்ளே நுழைவது கடினம். கொலாஜனின் எடையோ ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். பூசினால் மேலேயே தங்கிக் கொஞ்சம் ஈரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அந்த வேலையைக் கிளிசரின் சில்லறைக் காசில் செய்துவிடுகிறது.

வறண்ட தோலுக்கு வேண்டியது இரண்டே காரியம்: ஈரத்தை இழுத்து வைப்பது, அது ஆவியாகாமல் மூடி வைப்பது. முன்னதைக் கிளிசரின் செய்யும். பின்னதற்கு, ராபர்ட் செஸ்ப்ரோ 1872-ல் காப்புரிமை பெற்ற வாசலினை மிஞ்சும் பொருளைக் காண்பது இன்றும் அரிது. இரண்டுமே மலிவானவை.

அப்படியானால் மிச்சப் பணம் எங்கே போகிறது? கனத்த கண்ணாடி டப்பா, விளம்பரம், மாலின் வாடகை, இறக்குமதி வரி, வாசனை. பொட்டலம் விலையை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்துக் காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பாட்டில் போய்ப் பாக்கெட் வந்ததும், கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கும் ஷாம்பு வந்தது.

இதனால் விலைக்கு அர்த்தமே இல்லை என்று ஆகிவிடாது. வைட்டமின் சி சீரம் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும்; காற்றுப் புகாத பம்ப் வைத்த பாட்டிலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். பவுண்டேஷன் வாங்கும்போது நம் மாநிறத்துக்கும் கருப்புக்கும் ஒத்த ஷேடு கிடைத்தால் அதற்கும் கொடுக்கலாம்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் கணக்கு தலைகீழ். அதன் எஸ்.பி.எஃப். எண், அதாவது வெயிலில் தோல் சிவக்காமல் காக்கும் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துத் தருவது. முகத்துக்கு மட்டும் ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலே ஆகும். 50 கிராம் டியூப் தினம் ஒரு வேளை போட்டால் சுமார் நாற்பது நாளில் தீர வேண்டும். விலை அதிகம் என்று பொட்டுப் பொட்டாகத் தொட்டு நாலு மாதம் ஓட்டினால், டியூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு முகத்துக்குக் கிடைக்காது. தாராளமாகப் பூச மனம் வருகிற விலையில் வாங்குங்கள்.

மலிவிலும் ஒரு எல்லை உண்டு. இதை அழுத்திச் சொல்கிறேன். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், மூலப்பொருள் பட்டியல் எதுவும் இல்லாத சிவப்பழகு கிரீமைத் தொடவே தொடாதீர்கள். 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரை விசாரித்த மருத்துவர்கள், அவர்கள் இப்படிப்பட்ட கிரீம் பூசியதைக் கண்டுபிடித்தார்கள். அதில் பாதரசம் இருந்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுப்பதால் முகம் வெளுக்கும்; கூடவே சிறுநீரகமும் கெடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களும் ஆபத்தானவை. சில வாரம் பளிச்சென்று காட்டி, பிறகு தோலை மெலிதாக்கிவிடும்.

உங்கள் மாய்ஸ்சரைசர் ஒத்துப்போகிறது என்றால் மாற்ற வேண்டாம். முகம் கழுவியதும் இழுத்துப் பிடிக்கிறது என்றால் தண்ணீரையும் சோப்பையும் பாருங்கள். ஆவடி, அம்பத்தூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் படிவது போலவே தோலிலும் வெள்ளைப் பிசுக்காகப் படியும். காரத்தன்மை இல்லாத சின்டெட் கட்டி, அதாவது சோப்பு சேராத குளியல் கட்டி, மெடிக்கலில் கிடைக்கும். அதில் இந்தப் பிசுக்கு வராது. கழுவியதும் துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் முழுக்கக் காயும் முன்பே அந்த 160 ரூபாய் கிரீமைத் தடவுங்கள்.